வராத வாக்குகளும் மக்கள் தீர்ப்பும்

தோட்டப்புறங்களில் மரண உதவிச் சங்கம் இல்லாத பிரிவைக் காண்பது அரிது. அங்கத்தவர் 120 பேரைக் கொண்ட ஒரு சங்கத்தை எண்ணிக்கொள்வோம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தன்று கடும் மழை. வந்தவர் 30 பேர். மாதச் சந்தாவை இரட்டிக்க வேண்டும் என்று ஒருவர் பிரேரிக்கின்றார். 16 பேர் கை உயர்த்துகின்றனர். 14 பேர் மறுக்கின்றனர். தீர்மானம் நிறைவேறியதா? வந்தவரை மட்டும் எண்ணினால் நிறைவேறியது. அங்கத்தவர் அனைவரையும் எண்ணினாலோ, எட்டில் ஒரு பங்கினரைச் சற்றே கடந்தவர்கள் மற்ற எல்லார் தலையிலும் ஒரு சுமையை ஏற்றிவிட்டனர். இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கவே, இத்தனை பேர் வந்தாலொழியக் கூட்டம் நடத்தலாகாது என்ற விதியைச் சங்கங்களின் யாப்பிலே வைத்தனர். அதனைக் கூட்டநடப்பெண் என்பர்.

ஒரு சிறு சங்கத்திற்கு எழும் இந்தக் கேள்வி ஒரு நாட்டிற்கும் எழுகின்றது. வாக்காளருள் கணிசமானோர் வாராது நின்றபோது, வந்தோரின் பெரும்பான்மை நாட்டின் தீர்ப்பாகுமா? இதுவே நாம் இன்று ஆராயப்போகும் பொருள்.

முதலில் பொதுத் தேர்தலையும் மக்கள் தீர்ப்பையும் வேறுபடுத்தி அறிதல் நன்று. பொதுத் தேர்தலில் நாம் ஆளைத் தெரிகின்றோம். தெரிந்தது பிழையாயின் ஐந்தாண்டு கழித்து மாற்றிக்கொள்ளலாம். எவரும் வாராது போனாலும் பாராளுமன்றம் கூடியே ஆகவேண்டும். ஆகவே, வந்தோர் எத்தனை பேராயினும் அவர்தம் வாக்கை ஏற்பதன்றி வேறு வழியில்லை. மக்கள் தீர்ப்பு அத்தகையதன்று. அங்கே கேட்கப்படுவது ஒரு வினா. விடை ஆம் அல்லது இல்லை. இல்லை என்றால் நாடு நின்றுபோவதில்லை. இருந்தது இருந்தபடியே தொடரும். எனவே, ஆம் என்பதற்கு எவ்வளவு ஆதரவு வேண்டும் என்று நிபந்தனை விதிக்க இங்கே இடமுண்டு.

இலங்கை முழுவதற்குமாக இதுவரை நடைபெற்ற மக்கள் தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான். அது 1982 டிசெம்பர் 22ஆம் நாள் நடந்தது. 1977 யூலையில் தெரிவான பாராளுமன்றத்தில் 168 ஆசனங்களுள் 140 ஆசனங்கள் ஐக்கிய தேசியக் கட்சியிடம் இருந்தன. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி அதன் ஆயுள் 1983 ஆகஸ்டில் முடியவேண்டும். அடுத்த தேர்தல் விகிதாசார முறையிலே நடைபெற வேண்டியிருந்தது. 1982 ஒக்டோபர் 20ஆம் நாள் நடந்த சனாதிபதித் தேர்தலில் ஜே. ஆர். ஜயவர்தன 52.9 வீத வாக்குகளைப் பெற்று வென்றிருந்தார். அந்த வீதத்தைக் கொண்டு விகிதாசாரத் தேர்தலில் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களை மீண்டும் பெற இயலாது என்பது எவருக்கும் விளங்கும் கணக்கு. பொதுத் தேர்தலை நடத்தாமல், இருந்த பாராளுமன்றத்தின் ஆயுளை 1989 ஆகஸ்ட் 4ஆம் நாள் வரை நீடிக்கும் நான்காவது திருத்தச் சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. ஆறாண்டுக்கு மேல் ஆயுளை நீடிப்பதாயின் பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு மக்களின் சம்மதமும் வேண்டும் என்பது அரசியலமைப்பின் 83ஆம் உறுப்புரை. ஆகவே மக்களிடம் வினா வந்தது. ஆம் என்போருக்கு விளக்குச் சின்னம். இல்லை என்போருக்குக் குடம்.

முடிவை இலக்கங்களில் காண்போம். வாக்காளர் இடாப்பில் இருந்த பெயர்கள் 8,145,015. வாக்களித்தோர் 5,768,662 பேர், அஃதாவது 70.8 வீதம். விளக்கு பெற்றவை 3,141,223. குடம் பெற்றவை 2,605,983. செல்லுபடியான வாக்குகளில் விளக்கின் பங்கு 54.7 வீதம். சட்டம் நிறைவேறியது.

எழுபது வீதம் என்பது உலகின் பல நாடுகளில் உயர்ந்த வருகையாகவே கொள்ளப்படும். ஆயின் இலங்கையின் அளவுகோல் வேறு. இரண்டு மாதத்திற்கு முன்னர், அதே இடாப்பைக் கொண்டு நடந்த சனாதிபதித் தேர்தலில் 81 வீதத்தினர் வாக்களித்திருந்தனர். அந்த இரு மாதத்தில் எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாக்குச் சாவடியிலிருந்து விலகி நின்றுவிட்டனர். ஒக்டோபரில் வென்றவர் பெற்ற 3,450,811 வாக்குகளோடு ஒப்பிட்டால், விளக்கு பெற்றவை மூன்று இலட்சத்துக்கும் அதிகமாகக் குறைந்திருந்தன. சனாதிபதிக்குக் கிடைத்த ஆதரவு முழுவதும் அவர் கேட்ட வினாவிற்குக் கிடைக்கவில்லை என்பது இதனால் தெளிவாகும்.

இனி, வந்தோரை விடுத்து இடாப்பு முழுவதையும் நூறாகக் கொண்டு பகுத்துப் பார்ப்போம். ஆம் என்றவர் 38.6. இல்லை என்றவர் 32. வாராதவர் 29.2. எஞ்சிய சிறு பின்னம் நிராகரிக்கப்பட்ட வாக்குகள். வென்ற தரப்பிற்கும் தோற்ற தரப்பிற்கும் இடையே இருந்த வித்தியாசம் ஐந்தேகால் இலட்சத்தைச் சற்றே கடந்தது. வாராது நின்றவரோ இருபத்து மூன்றே முக்கால் இலட்சம் பேர். வித்தியாசத்தைப்போல நான்கு மடங்குக்கு மேற்பட்டவர்கள் வாய் திறக்கவில்லை.

இந்த மௌனத்திற்கு என்ன பொருள்? மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது நம்மவர் வழக்கு. அதனைப் பின்பற்றினால் வாராதவர் யாவரும் பெரும்பான்மையோடு உடன்பட்டவராவர். மாற்றத்தை விரும்புவோர் எப்படியும் வந்து ஆம் என்றிருப்பர். ஆகவே வாராதவர் மாற்றம் வேண்டாதவரே என்று வாதிப்போரும் உளர். மூன்றாமவர் சொல்வது, வாராதவர் தம் உரிமையை வந்தவர் கையில் ஒப்படைத்துவிட்டனர், அவர்களைக் கணக்கிலே சேர்க்கலாகாது என்பது. மூன்று வாதங்களிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆயின் மூன்றுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு: பேசாதவன் வாயில் தாம் விரும்பிய சொல்லை வைப்பதே அது. பேசாதவன் ஏன் பேசவில்லை என்று முதலிற் கேட்டல் வேண்டும்.

அதற்கு முன்னர், நமது அரசியலமைப்பு இந்தச் சிக்கலுக்குச் சொல்லும் விடையைப் பார்ப்போம். பலர் அறியாத ஒரு நுட்பமான விதி 85ஆம் உறுப்புரையில் உள்ளது. மக்கள் தீர்ப்பிற்கு விடப்பட்ட சட்டமூலம் செல்லுபடியான வாக்குகளில் அறுதிப் பெரும்பான்மை பெற்றால் நிறைவேறும். ஆனால், செல்லுபடியான வாக்குகள் இடாப்பிலுள்ளோரில் மூன்றில் இரண்டு பங்கை விஞ்சாதவிடத்து அந்தப் பெரும்பான்மை மட்டும் போதாது. இடாப்பிலுள்ள மொத்த வாக்காளரில் மூன்றில் ஒரு பங்கினரேனும் ஆம் என்றிருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனை எளிதாக்கும். ஒரு பிரதேசத்தில் 900 வாக்காளர் உளர் என்க. மூன்றில் இரண்டு பங்கு 600. அறுநூற்றுக்கு மேற்பட்டோர் வாக்களித்தால், அவருட் பெரும்பான்மை என்பதே முந்நூற்றைக் கடந்துவிடும். 500 பேர் மட்டுமே வந்தாலோ, 251 பேர் ஆம் என்பது பெரும்பான்மையாயினும் போதாது. 300 பேர் வேண்டும். 290 பேர் மட்டுமே வந்து அனைவரும் ஒரே குரலில் ஆம் என்றாலும் சட்டம் தோற்கும். ஆகவே இந்த விதி கூறுவது சுருக்கத்தில் இதுதான்: வந்தோர் பலராயினும் சிலராயினும், நாட்டின் வாக்காளரில் மூன்றில் ஒருவராவது நேரே ஆம் என்று சொல்லாமல் எந்த மாற்றமும் நிலைபெறாது.

1982இல் இந்த நிபந்தனை செயற்படவேண்டிய தேவை எழவில்லை. அப்போது மூன்றில் இரண்டு பங்கு ஏறத்தாழ 54 இலட்சத்து 30 ஆயிரம். செல்லுபடியான வாக்குகள் 57 இலட்சத்து 47 ஆயிரத்தைக் கடந்திருந்தன. ஆயினும் இது பழங்கதையாகிவிட்ட விதி அன்று. 2024 செப்டெம்பரில் நடந்த சனாதிபதித் தேர்தலில் ஏறத்தாழ 79 வீதத்தினர் வாக்களித்தனர். இரு மாதத்திற்குள் நவம்பர் 14ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலில் அது 69 வீதத்திற்கு இறங்கியது. 1982இன் பத்து வீத வீழ்ச்சி நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து மீண்டும் நிகழ்ந்தது எனலாம். அந்த நவம்பரில் இடாப்பிலிருந்தோர் 17,140,354 பேர். நிராகரிக்கப்பட்டவை நீங்கலாகச் செல்லுபடியானவை 11,148,006. இது மூன்றில் இரண்டு பங்கிற்குக் கீழே, 65 வீதம். அதே வருகையோடு ஒரு மக்கள் தீர்ப்பு நடந்திருந்தால், பாதியைத் தாண்டும் 55 இலட்சத்து 75 ஆயிரம் வாக்குகள் வெற்றிக்குப் போதியிரா. 57 இலட்சத்து 13 ஆயிரத்துக்கு மேல் வேண்டியிருக்கும். வருங்காலத்தில் புதிய அரசியலமைப்பொன்று மக்கள் முன் வருமாயின், வாராத வாக்குகளே அதன் விதியை நிர்ணயிக்கக்கூடும் என்பதை இந்தக் கணக்கு உணர்த்துகின்றது.

பிற நாடுகள் வேறு வேறு வழிகளைக் கையாண்டுள்ளன. இத்தாலியில், சட்டமொன்றை நீக்குவதற்கான வாக்கெடுப்பில் வாக்காளருட் பாதிக்கு மேற்பட்டோர் பங்குபற்றினாலன்றி முடிவு செல்லாது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த விதியில் ஒரு விபரீதம் உண்டு. நூறு வாக்காளரில் 40 பேர் ஆதரவாளர், 15 பேர் எதிர்ப்பாளர் என்க. எதிர்ப்பாளர் வந்து இல்லை என்றால் வருகை 55 ஆகும், பிரேரணை வெல்லும். அவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால் வருகை 40, பிரேரணை தோற்கும். எதிர்ப்பவன் வாக்களித்தால் எதிரிக்கு உதவுகின்றான், வாக்களியாதிருந்தால் வெல்லுகின்றான்! 2025 யூன் மாதத்தில் ஐந்து வினாக்கள் மீது அங்கே நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 30 வீதத்தினரே பங்குபற்றினர், யாவும் செல்லாதொழிந்தன.

ஸ்கொத்லாந்து கண்டது மற்றொரு வழி. 1979 மார்ச் 1ஆம் நாள், தமக்கெனத் தனிச் சபை வேண்டுமா என்று அம்மக்களிடம் கேட்கப்பட்டது. வாக்காளர் அனைவரிலும் 40 வீதத்தினர் ஆம் எனவேண்டும் என்பது நிபந்தனை. ஆம் என்றோர் 1,230,937. இல்லை என்றோர் 1,153,502. பெரும்பான்மை ஆம் என்றது. ஆயினும் அது இடாப்பில் 32.9 வீதமே ஆனதால் சபை கிடைக்கவில்லை. இறந்தோரும் ஊர் விட்டுப் போனோரும் இடாப்பில் இருப்பதால் அவர்களும் இல்லை என்றவராகவே எண்ணப்பட்டுவிட்டனர் என்று அம்மக்கள் முறையிட்டனர். அம்முறையீட்டில் நியாயம் உண்டு. 1997இல் மீண்டும் கேட்டபோது நிபந்தனை ஏதும் விதிக்கப்படவில்லை. 60 வீதத்தினர் வாக்களித்தனர். அவருள் 74 வீதத்தினர் ஆம் என்றனர். பழைய நாற்பது வீத அளவுகோலையும் அம்முடிவு கடந்திருந்தது.

சுவிற்சர்லாந்தில் வருகை பற்றிய நிபந்தனையே கிடையாது. பல வாக்கெடுப்புகளில் பாதிப்பேர்கூட வருவதில்லை. எனினும் அங்கு எவரும் பெரிதாகக் குறைகூறுவதில்லை. காரணம், ஆண்டுதோறும் பன்முறை மக்கள் வாக்களிக்கின்றனர். குறித்த தொகையினர் கையொப்பமிட்டு ஒரு வினாவை மீண்டும் எழுப்பலாம். இன்று வாராதவன் நாளை வந்து திருத்திக்கொள்ள வழியுண்டு. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்குவதென 2016இல் தீர்ப்பளித்தபோது வருகை 72 வீதம். நீங்கவேண்டும் என்றோர் இடாப்பில் 37 வீதத்தைச் சற்றே கடந்தனர். நமது 1982ஆம் ஆண்டு விளக்கின் பங்கை ஒத்த அளவு அது. அங்கு எழுந்த நெடிய சச்சரவிற்கு ஒரு காரணம், எளிதில் மீட்க இயலாத முடிவை அத்தனை சிறிய பங்கினர் எடுத்தனர் என்ற மனக்குறை. ஆகவே, ஒரு முடிவு எவ்வளவு நெடுங்காலம் கட்டுப்படுத்துமோ, எவ்வளவு மீட்டற்கரியதோ, அவ்வளவுக்கு அதற்கு வேண்டிய சம்மதமும் பெருகவேண்டும் என்ற நெறியை இவற்றிலிருந்து நாம் பெறுகின்றோம்.

இத்தாலியின் விதியைப் போல வருகையை நிபந்தனையாக்குவது நம்மைப் போன்ற சமூகத்திற்கு ஏற்றதன்று என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலையகத்தில் பாடசாலைகளே பெரும்பாலும் வாக்கெடுப்பு நிலையங்கள். தோட்டப் பிரிவிலிருந்து பாடசாலைக்கு வரும் பாதை ஒன்று. அப்பாதையில் யார் வருகின்றார், யார் வரவில்லை என்பது லயத்திலுள்ள அனைவருக்கும் தெரியும். வீட்டிலிருப்பதே எதிர்ப்பு என்றாகிவிட்டால், பாதையில் நடப்பவர் யாவரும் ஆதரவாளர் என்று அறியப்படுவர். வாக்குச் சீட்டைத் திரையிட்டு மறைப்பதிற் பயன் என்ன? நமது மூன்றில் ஒரு பங்கு விதி இந்த வகையிற் சிறந்தது. அது வருகையை எண்ணுவதில்லை, சம்மதத்தை எண்ணுகின்றது. எதிர்ப்பவர் வந்து இல்லை என்று சொல்வதால் அவருக்கு நட்டம் ஏற்படாதவாறு அவ்விதி பெரும்பாலும் காக்கின்றது.

இனி, வாராதவர் ஏன் வாரார் என்ற வினாவிற்குத் திரும்புவோம். அக்கறையின்மை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நகரத்தார் வழக்கம். மஸ்கெலியாப் பிரதேசத்துத் தோட்டங்களில் பெயர் பதிந்துள்ள இளைஞருள் எத்தனையோ பேர் கொழும்பில் கடைகளிலும் உணவகங்களிலும் கட்டட வேலைகளிலும் இருக்கின்றனர். பெண்கள் பலர் வீட்டுப் பணிக்குச் சென்றுள்ளனர். வாக்களிப்பதற்கு ஊதியத்துடன் விடுமுறை தரவேண்டும் எனச் சட்டம் கூறுகின்றது. ஆயின் ஹட்டன் வரை வந்து, மஸ்கெலியாவுக்கு மற்றொரு வண்டி ஏறி, அங்கிருந்து தோட்டத்திற்குச் சென்று, வாக்களித்துத் திரும்ப ஒரு பகலும் ஓர் இரவும் செல்லும். பயணச் செலவும் சிறிதன்று. மத்திய கிழக்கு நாடுகளில் உழைப்போருக்கோ, இருந்த இடத்திலிருந்து வாக்களிக்கும் வசதி 2024ஆம் ஆண்டுத் தேர்தல்களிலும் இருக்கவில்லை. இவர்களுடைய மௌனம் சம்மதமுமன்று, மறுப்புமன்று. வறுமையும் தூரமுமே அது. அந்த மௌனத்தைத் தமக்குச் சாதகமாக எண்ணிக்கொள்ள எத்தரப்பிற்கும் உரிமை இல்லை.

மௌனத்தில் இன்னும் ஆழமான ஒரு வகை உண்டு. வாராதவரின் பெயராவது இடாப்பில் இருக்கின்றது. பெயரே இல்லாதவரை எந்த வீதம் காட்டும்? மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் தாழ்ந்தாலன்றிப் பழைய மஸ்கெலியா நகரின் சிதைவுகள் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதுபோன்றே, எழுபது வீதம், எண்பது வீதம் என்ற கணக்குகளின் அடியில் ஒரு மக்கட் கூட்டம் மூழ்கிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலையகத் தொழிலாளர் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர். மஸ்கெலியாத் தொகுதியும் அவருள் ஒருவரைத் தந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனையடுத்து 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்களிற் பெரும்பாலோரை இடாப்பிலிருந்து நீக்கின. 1952 தேர்தலில் அக்காங்கிரஸின் சார்பில் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த உடன்படிக்கை இம்மக்களைத் தொகை தொகையாகப் பங்கிட்டது. அம்மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி அவர்தம் விருப்பை எவரும் கேட்கவில்லை. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினரைக் கொண்ட தொகுதியாகி, ஐக்கிய தேசியக் கட்சி, ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆகிய மூன்றும் ஒவ்வோர் உறுப்பினரைப் பெற்றன. அம்மூவரின் பதவிக் காலமும் சேர்ந்தே 1982இல் மக்கள் தீர்ப்புக்கு வந்தது. எனினும், பிரசாவுரிமை கிடைக்காது காத்திருந்த மலையகத்தவர் அன்றும் அந்த இடாப்பிற்கு வெளியே நின்றனர். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பின்னரே நாடற்றோர் என்ற பெயர் நீங்கும் வழி திறந்தது.

ஆகவே 38.6 வீதம் என்று நாம் கண்ட அந்த இலக்கமும் இடாப்பிலிருந்தோரின் பங்கே. இந்நாட்டில் வாழ்ந்து உழைத்த வயது வந்தோர் அனைவரின் பங்கு அன்று. நம் முன்னோரின் குடவோலை முறையைப் பெருமையோடு எடுத்துரைக்கின்றோம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் அம்முறையின் ஒழுங்கை வியக்கத்தக்கவாறு விரித்துரைக்கின்றன. ஆயினும், குடத்தில் இடப்படும் ஓலையில் ஒருவன் பெயர் ஏறுவதற்கு நிலமும் சொந்த மனையும் கல்வியும் வேண்டியிருந்தன என்பதையும் அக்கல்வெட்டுகளே கூறுகின்றன. எந்த ஏற்பாட்டையும் மதிப்பிடும்போது வந்தோர் எத்தனை பேர் என்பதோடு, வரத் தகுதியுடையோர் என யாரை ஏற்றனர் என்பதையும் கேட்டல் வேண்டும்.

1982ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சூழ்நிலையையும் கூறாமல் விடுவது முறையன்று. அது அவசரகாலநிலையின் கீழ் நடந்தது. வாக்கெடுப்பில் நிகழ்ந்த முறைகேடுகளைத் தேர்தல் ஆணையாளரே பின்னர் 1987இல் வெளியான தமது அறிக்கையில் எடுத்துக்காட்டினார். யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாகக் குடத்தை ஆதரித்து மறுத்தது. ஆயினும் நாடு ஒரே தொகுதியாக எண்ணப்பட்டதால் அம்மறுப்பு மொத்தத்திற் கரைந்தது. மறுப்பு மேலோங்கிய சில தொகுதிகளில், 1983 மே மாதத்தில் 18 இடைத்தேர்தல்கள் நடத்தப்பட்டன. அரசாங்கத்திற்கே தன் தீர்ப்பின் நிறைவைப் பற்றி ஐயமிருந்தது என்பதற்கு இது சான்று போலும்.

விளைவு என்ன? 1977 யூலைக்குப் பின் அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியிலேயே நடந்தது. இடையே பதினோராண்டுக்கு மேல் கடந்தது. 1983 யூலை வன்செயலும், வடக்குக் கிழக்கில் மூண்ட போரும், தெற்கில் எழுந்த கிளர்ச்சியும் அந்த இடைவெளியிலேதான் நிகழ்ந்தன. இவை யாவும் அந்த ஒரு வாக்கெடுப்பின் விளைவு என்று கூறுவது மிகை. ஆயின் மக்கள் தம் கருத்தைச் சீட்டில் எழுதித் தீர்த்துக்கொள்ள வேண்டிய காலத்தில் அந்தச் சீட்டு அவர்களிடம் இருக்கவில்லை என்பது மறுக்கமுடியாத உண்மை. 1977இல் பன்னிரண்டு வயதுச் சிறுவனாயிருந்தவன் 1983இல் பதினெட்டு வயதடைந்தான். பாராளுமன்றத்திற்கு முதல் வாக்கை அளிக்க இருபத்து நான்கு வயது வரை காத்திருந்தான். அவனுடைய உரிமையை, அவன் பெயர் இடாப்பில் ஏறுமுன்பே பிறர் வாக்களித்து முடித்துவிட்டனர்.

இவையனைத்தையும் சீர்தூக்கும்போது நமக்குக் கிடைக்கும் முடிவு என்ன? குறைந்த வருகை என்ற ஒன்றே ஒரு தீர்ப்பை அநீதியாக்கிவிடாது. வந்தவர் தம் கடமையைச் செய்தவர். வாராதவருக்காக அவர் வாக்கைத் தள்ளிவிட முடியாது. அதேவேளை, பாதியைக் கடந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டு இதுவே மக்களின் ஆணை என்று முழங்குவதும் பொருந்தாது. சட்டப்படி செல்லும் தீர்ப்பு ஒன்று. மக்கள் மனத்தில் நிற்கும் ஆணை மற்றொன்று. 1982ஆம் ஆண்டின் தீர்ப்பு முதலாவதாயிருந்தது, இரண்டாவதாகவில்லை.

ஒரு தீர்ப்பு ஆணையாக வேண்டுமாயின் நான்கு உரைகற்களில் அது உரைக்கப்படவேண்டும். இடாப்பு முழுவதிலும் எத்தனை பங்கினர் நேரே ஆம் என்றனர்? வாராதவர் வர விரும்பியிருந்தால் அச்சமும் தடையுமின்றி வந்திருக்க முடியுமா? இடாப்பிலேயே இடம்பெறாதோர் யார்? பிழையென்று கண்டால் மக்கள் அம்முடிவை எப்போது திருத்தலாம்? சாதாரணச் சட்டமூலத்திற்கு மூன்றில் ஒரு பங்கு என்னும் நமது விதி போதியதாகலாம். ஆனால் ஆள்வோர் தம் ஆட்சிக் காலத்தைத் தாமே நீடிக்கும்படி கேட்கும்போது, கேட்பவரே பயன்பெறுபவராதலின், இடாப்பிலுள்ளோரிற் பாதிப்பேரின் சம்மதமேனும் வேண்டும் என்பதே என் கருத்து. அத்தகைய விதி 1982இல் இருந்திருந்தால் விளக்கிற்கு நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் வேண்டியிருக்கும். பாராளுமன்றத்தை உரிய காலத்தில் மக்களே தெரிந்திருப்பர்.

நேயர்களே, நாற்பதாண்டுக்கு முன் நடந்ததை இன்று நினைவூட்டுவது பழம்பகையை வளர்ப்பதற்கன்று. இந்நாட்டிற்குப் புதிய அரசியலமைப்பு வேண்டுமென்ற பேச்சு பல ஆண்டுகளாக எழுந்தும் அடங்கியும் வருகின்றது. அத்தகைய ஒன்று பாராளுமன்றத்தைக் கடந்து மக்கள் முன் வரும் நாளில், மலையக மக்கள் முழுப் பிரசைகளாக நின்று ஒரு மக்கள் தீர்ப்பிற் பங்குகொள்ளும் முதற் சந்தர்ப்பமாக அது அமையும். அந்நாளில் மூன்றில் ஒரு பங்கு என்ற எண் காகிதத்தில் எழுதிய வெறும் பின்னமாயிராது. நம் ஒவ்வொரு வாக்கும் அதன் ஒரு துணுக்காயிருக்கும். ஆண்டுதோறும் இடாப்புத் திருத்தப்படும் காலத்தில் கிராம உத்தியோகத்தரிடம் சென்று தம் பெயரும், பதினெட்டு வயதடைந்த பிள்ளைகளின் பெயரும் உளவா என்று பார்த்துக்கொள்வது சிறு வேலை. அடையாள அட்டை இல்லாதோர் அதனைக் காலத்தோடு பெற்றுக்கொள்வதும் சிறு வேலையே. ஆம் என்பதோ இல்லை என்பதோ அவரவர் விருப்பம். சொல்ல வேண்டியதை நாமே சொல்லிவிட்டால், நம் மௌனத்திற்குப் பொருள் கூறும் வேலை பிறருக்கு இராது.